ஸ்குரூடிரைவரை எங்கள் கையில் கொடுங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மலைக் குடியிருப்புகளின் சூரிய மின்சாரத்தையும் மகளிர் குழுக்களையும் கவனிக்கும் அலுவலர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. கம்பி மின்சாரம் எட்டாத குடியிருப்புகளுக்குப் புதிதாகச் சூரிய விளக்குகள் வரப்போகின்றன, அவற்றைப் பராமரிக்கக் குடியிருப்புக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்கிறது ஒன்று. தகுதி: ஐ.டி.ஐ. தேர்ச்சி, 35 வயதுக்குள், மாவட்டத் தலைநகரில் ஒரு மாதம் தங்கிப் படிக்கச் சம்மதம். குழுக்களின் வரவு செலவு, கூட்ட வருகை, கடன் தவணை எல்லாவற்றையும் வரும் காலாண்டிலிருந்து போன் செயலியில்தான் ஏற்ற வேண்டும், நோட்டை வைத்துக் கடன் பரிந்துரை செய்ய முடியாது என்கிறது மற்றொன்று.

இரண்டும் ஒரே வளாகத்திலிருந்து கிளம்பியவை. எழுதியவர்கள் ஒருவர் காகிதத்தை ஒருவர் பார்த்ததாகத் தெரியவில்லை. முதல் காகிதப்படி எங்கள் மலையில் ஒரு பெண்கூடப் பயிற்சிக்குப் போக முடியாது. இரண்டாவதன்படி ஒவ்வொரு குழுவிலும் சார்ஜ் உள்ள ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற பெண்கள் இருந்தாக வேண்டும். அந்த போனுக்கு மின்சாரம் தரவேண்டிய பேனலைத் தொடும் வேலையை மட்டும் யாரோ ஒரு பையனுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தப் பையனும் இங்கே இருக்கமாட்டான். அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்தக் கூட்டமைப்பின் கணக்காளர். இந்த மலையிலேயே பிறந்தவள். குழுக்களின் நோட்டுகளை இத்தனை வருடமாக எழுதிவருவதால் யார் வீட்டில் விளக்கு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை, யார் போன் யார் பையில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். புகார் மனுக்கள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ரசீது எண் இருக்கிறது. பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில், ஏற்கெனவே கொடுத்த விளக்குகளுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். புதிய டெண்டரில் கையெழுத்துப் போடுகிறவர் யாராக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

ஆறேழு வருடத்துக்கு முன் எங்கள் வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு 40 வாட் பேனல், ஒரு பேட்டரி, மூன்று பல்பு, பேட்டரிக்கு ஏறி இறங்குகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்த சுவரில் மாட்டும் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி வந்தன. முதல் வருடம் நன்றாகவே எரிந்தன, அதை மறைக்க மாட்டேன். மண்ணெண்ணெய்ப் புகை நின்றது, பிள்ளைகள் இரவில் படித்தார்கள், கட்டு விரியனை மிதிக்காமல் வெளியே போய்வர முடிந்தது. இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு ஒவ்வொரு வீடாக மங்க ஆரம்பித்தது. மூன்றாவது வருடம் முடிவதற்குள் பாதிக்கு மேல் இருட்டு.

ஏன் செத்தன? வந்த பேட்டரி லெட் ஆசிட் வகை. அதற்குச் சில மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. காரணம் எளிது. மாட்ட வந்த ஆட்கள் ஒரே நாளில் மூன்று குடியிருப்பை முடித்துவிட்டு, வீட்டு ஆண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் குறைந்ததைப் பார்த்தவர்கள் ஓடைத் தண்ணீரை ஊற்றினார்கள். உள்ளே இருந்த தகடுகள் போயின.

இன்னொரு வகைச் சாவும் உண்டு. பேட்டரியில் சார்ஜ் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலர் தானாகவே விளக்கை அணைத்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. மேகமூட்டமான நாட்களில் ராத்திரி எட்டு மணிக்கே விளக்கு அணைந்ததும், பெட்டிதான் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு பல்பு வயரை நேராகப் பேட்டரியில் முறுக்கினார்கள். விளக்கு எரிந்தது. தினமும் அடி வரைக்கும் வற்றி வற்றி, சில மாதத்தில் பேட்டரி செத்தது. அப்புறம் பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடைக்கு எடுத்துப் போனார்.

பேனல் பலவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கூரைமேல் பாசியும் பலா இலையும் மூடிக் கிடக்கின்றன. குரங்கு பிய்த்த வயரைத் திரும்ப முடுக்க ஆள் இல்லாமல் கிடப்பவையும் உண்டு. பெட்டியில் ஒட்டியிருந்த போன் எண்ணைக் கூப்பிட இங்கே சிக்னல் கிடையாது. சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறிப்போய்க் கூப்பிட்டால் இந்தியில் பேசினார்கள். அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது.

மத்திய அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில், கம்பி போக முடியாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், ஐந்து எல்.இ.டி. விளக்கு, ஒரு டி.சி. மின்விசிறி, ஒரு பிளக், கூடவே ஐந்து வருடப் பராமரிப்பு என்று விதி வைத்தார்கள். எங்களுக்கு வந்தது வேறு கணக்கில் வந்த சின்ன செட். ஆனால் அந்தப் பெரிய திட்டத்திலேயே பாருங்கள்: லெட் ஆசிட் பேட்டரி வைத்தால், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் மூன்று முதல் ஐந்து வருடம்தான் உழைக்கும். பேட்டரி சாகிற நேரமும் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிற நேரமும் ஒன்றாக வருகின்றன. ஆறாவது வருடம் யாருடைய பொறுப்பு? தாளில் அதற்கு இடமே இல்லை. மாட்டைக் கொடுத்துவிட்டுத் தும்பைத் தராமல் போவது போன்ற வேலை இது.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் மட்டும் பழைய பேட்டரி மற்றவர்கள் வீட்டைவிட ரொம்ப நாள் உழைத்தது. எங்கள் குழுவில் உள்ள ஒரு அக்கா வீடு அது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மாட்ட வந்த பையனுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எந்த வயர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே நின்றார். சந்தைக்குப் போகும்போது டவுன் பெட்ரோல் பங்கில் டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் வாங்கிவருவார். வாரம் ஒருமுறை பேனலைத் துணியால் துடைப்பார். ஃபியூஸ் போனால் மாற்றுவார். பக்கத்து வீடுகளில் முறுக்கிவிட்ட வயரைப் பிரித்து கன்ட்ரோலரைத் திரும்ப மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். மின்சாரத்தை அளந்து பார்க்கிற மல்டிமீட்டர் அவர் கையில் கிடைத்ததில்லை. யாரும் கொடுத்ததில்லை.

உங்கள் சுற்றறிக்கைப்படி அவரை அனுப்ப முடியாது. ஐ.டி.ஐ. இல்லை, வயது 35ஐத் தாண்டிவிட்டது, கறவை மாட்டை விட்டுவிட்டு ஒரு மாதம் டவுனில் தங்கவும் முடியாது.

போன முறையும் இதே மாதிரி இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். நல்ல பையன்கள். ஒருவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இன்னொருவன் கோயம்புத்தூரில் ஏ.சி. மாட்டுகிறான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கையில் சான்றிதழ் வந்தால், மாதச் சம்பளம் கிடைக்கிற ஊருக்கு யாரும் போகத்தான் செய்வார்கள். மலையில் தங்குகிறவர்கள் யார் என்று பார்த்துப் பயிற்சி கொடுக்காததுதான் தவறு. தங்குகிறவர்கள் பெண்கள், அதிலும் நடுவயதுப் பெண்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு ஊர். அங்கே 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆறு மாதம் தங்கி சூரிய விளக்குகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்கிறார்கள். பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பாடம் நிறங்களை வைத்தும் சைகையாலும் நடக்கும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி வீடுகளுக்கு விளக்குப் போட்டார்கள். இப்படி வந்தவர்கள் பலருக்குச் செலவை ஏற்றது நம் இந்திய அரசின் வெளியுறவுத் துறை. ஆண்களுக்குக் கற்றுக்கொடுத்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள், பாட்டிகள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்று அதன் நிறுவனர் பங்கர் ராய் மேடைகளில் சொல்லிவந்திருக்கிறார்.

வேறு நாட்டுப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விமானச் சீட்டு எடுத்து வரவழைத்துக் கற்றுத்தருவோம் என்று ஒரு அரசு சொல்கிறது. அதே அரசின் பணத்தில் நடக்கிற திட்டத்தில் எங்கள் அக்காவிடம் ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்கிறார்கள். இதற்கு என்ன சமாதானம் சொல்வீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

அதே ராஜஸ்தானின் துங்கர்பூர் மாவட்டத்தில் பழங்குடிப் பெண்கள் மும்பை ஐ.ஐ.டி.யின் துணையோடு முதலில் சூரிய விளக்குகளைப் பூட்டினார்கள். பிறகு துர்கா எனர்ஜி என்ற பெயரில் தங்கள் சொந்தக் கம்பெனியில் பேனலே செய்ய ஆரம்பித்தார்கள். சாலிடரிங் இரும்பைப் பிடித்த கைகள் எல்லாம் மகளிர் குழுக் கைகள்தான். எங்களுக்கு பேனல் செய்யும் ஆசை இப்போதைக்கு இல்லை. மாட்டிய பேனல் எரிந்தால் போதும்.

அடுத்தது, விளக்கை எங்கே மாட்டினீர்கள் என்பது. சின்ன விஷயமாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம். மூன்று பல்பில் ஒன்று முன்வாசலில், ஒன்று கூடத்தில், ஒன்று ஆண்கள் உட்காருகிற திண்ணையில். அடுப்படியில் ஒன்றுகூட இல்லை. பொழுது சாய்ந்த பிறகு இந்த வீடுகளில் வேலை நடக்கிற ஒரே இடம் அடுப்படி. களி கிண்டுவது, சாமை புடைப்பது, மறுநாளைக்கு ராகி எடுத்து வைப்பது எல்லாம் அடுப்பு வெளிச்சத்தில்தான். வீட்டுக்குப் பின்னால் ஒதுங்குகிற பக்கமும் இருட்டு. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற ஊர் இது. பலாக்காய் காலத்தில் யானை வீட்டுச் சுவர் வரைக்கும் வரும். பின்பக்கம் ஒரு பல்பு இருந்திருந்தால் கதவைத் திறக்கும் முன் பார்த்துக்கொள்ளலாம். மாட்ட வந்தவர்கள் ஒரு பெண்ணிடமாவது "விளக்கு எங்கேம்மா வேணும்?" என்று கேட்டிருந்தால் கூடுதல் செலவே இல்லாமல் முடிந்திருக்கும். பல்பு அதேதான், வயர்தான் இரண்டு முழம் கூட.

அந்தப் பெட்டியில் போன் சார்ஜ் போட ஒரு ஓட்டைகூட இல்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. யு.எஸ்.பி. துளை இல்லாத கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறார்கள். கணக்குப் பார்க்கலாம். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள ஒரு ஸ்மார்ட்போன் நிரம்ப ஏறக்குறைய 20 வாட்-மணி மின்சாரம் போதும் (ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). 40 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 150 வாட்-மணிக்குக் குறையாமல் தரும். விளக்குக்குப் போக போனுக்கும் மிஞ்சும். ஆனாலும் எங்கள் பெண்கள் கீழே பஸ் நிற்கிற இடத்துப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய் கொடுத்து போனைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள். போன் மாலை வரை கடையில் இருக்கும். வங்கி மெசேஜ் எல்லாம் திறந்து கிடக்கிற போன். லாக் போடத் தெரியாதவர்கள் பாதிப் பேர்.

டிஜிட்டல் என்று நீங்கள் சொல்கிற விஷயத்துக்கு இதுதான் அடித்தளம் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். சாதாரண பட்டன் போன் ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் வரும். உங்கள் செயலி பட்டன் போனில் ஓடாது. ஸ்மார்ட்போன் ஒரு நாள் தாங்கினால் அதிகம். ஒவ்வொரு புதிய செயலியும் எங்களிடம் இல்லாத மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் கேட்கிறது.

அந்த ஸ்மார்ட்போன் யாருடையது? தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019 முதல் 2021 வரை எடுத்தது, நாட்டுக் கிராமங்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 24.6 பேர், ஆண்கள் 48.7 பேர் என்கிறது. ஏறக்குறையப் பாதி. அதற்குப் பிறகு கொஞ்சம் கூடியிருக்கும். மலைமேல் எவ்வளவு கூடியது என்று பார்க்க ஆய்வு வேண்டாம், எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்து யார் மடியில் போன் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அது வேலைக்குப் போகிற ஆணோடு போகும்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பணம் வருவது அம்மாவின் கணக்கில். வந்துவிட்டது என்ற மெசேஜ் போவது திருப்பூரில் இருக்கிற மகனின் போனுக்கு, ஏனென்றால் கணக்குத் தொடங்கிய நாளில் அவன் எண்ணைத்தான் கொடுத்தார்கள். எதற்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி அங்கே போகிறது. அவன் ஷிஃப்டில் இருந்தால் எடுக்கமாட்டான். அதற்குள் ஓடிபி காலாவதி. இ-சேவை மையத்தில் வரிசை நகர்ந்துவிடும், அம்மா திரும்பி மலை ஏறிவிடுவார்.

நூறு நாள் வேலையில் 2023 சனவரி முதல் தினம் இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பணித்தளப் பொறுப்பாளராக இருந்தது எங்கள் குழுப் பெண்தான். படம் எடுப்பதில் சிரமம் இல்லை. ஏற்றுவதற்கு, எங்கள் ஊரில் எல்லாரும் டவர் பாறை என்று சொல்கிற அந்தப் பாறைக்குத்தான் போக வேண்டும். சில நாள் மேகம், சில நாள் போனில் சார்ஜ் இல்லை. வேலை செய்தவர்களுக்கு அன்றைய வருகை பதிவாகாமல் போய், கேட்டால் "சிஸ்டத்துல இல்லம்மா" என்றார்கள். மண்வெட்டியோடு நின்றது மொத்த ஊருக்கும் தெரியும், சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் எல்லாம் பொறுப்பாளர் பெண்மேல்தான் விழுந்தது. அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார்.

இப்போது குழுக் கணக்குக்கும் அதே வழியா? செயலிக்கு நான் எதிரி இல்லை. நோட்டில் ஒரு வட்டித் தவறைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்தவளுக்குத் தெரியும், தானே கூட்டுகிற செயலி எவ்வளவு நல்லது என்று. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இவ்வளவு தூரம் வந்தது, வாரம் ஒருமுறை எல்லார் முன்னாலும் நோட்டைத் திறந்து படித்ததால்தான். எழுதத் தெரியாத பாட்டிகூடத் தன் சேமிப்பைக் காதால் கேட்டுச் சரிபார்த்தார். அந்த நோட்டை ஒரே காலாண்டில் மூடி, ஒருவர் கையிலுள்ள போனுக்குள் போட்டால், மற்றவர்கள் எதைக் கேட்டுச் சரிபார்ப்பது? போனில் சார்ஜ் போன நாளில் கடன் கேட்டு வருகிறவளுக்கு நான் என்ன சொல்வது?

"காட்டுக்குள் கம்பி இழுக்கச் சட்டம் இடம் கொடுக்காது" என்று இதுவரை கேட்ட இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006ஐ நாங்களும் படித்திருக்கிறோம். அதன் பிரிவு 3(2), வனப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொன்னாலும், பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை என்ற வரிசையில் மின் கம்பியையும் தொலைத்தொடர்புக் கம்பியையும் மரபுசாரா எரிசக்தியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. கிராம சபைத் தீர்மானம் எங்களிடம் இருக்கிறது. யானை வழியில் கம்பி இழுத்து யானை அடிபட வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் சூரிய மின்சாரத்துக்கே சம்மதித்தோம். சம்மதித்ததற்காக இரண்டாந்தர மின்சாரம் போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கீழே உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழ்நாடு அரசு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. வருடத்துக்கு 600 யூனிட். அதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்கு மானியமாகக் கட்டுகிறது. மீட்டரே இல்லாத எங்கள் வீட்டுக்கு அந்த மானியத்தில் ஒரு பைசா கிடையாது. எங்கள் 40 வாட் பேனல் வருடம் முழுக்கப் பழுதில்லாமல் உழைத்தாலும் 60 யூனிட்டைத் தாண்டாது. பங்களாவுக்கும் உண்டு அந்த 100 யூனிட், எங்களுக்கு மட்டும் இல்லை. இந்தக் கணக்கை யாராவது என்னிடம் தவறு என்று காட்டினால் சந்தோஷப்படுவேன்.

இன்னொரு கோணலும் இருக்கிறது. 2023 நவம்பர் 15இல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில், கம்பி எட்டாத வீட்டுக்கு 50,000 ரூபாய் வரை செலவில் 300 வாட் சூரிய மின்சாரம் உண்டு. நல்ல அளவு. ஆனால் அது மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்ற பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஊராளி, சோளகர் எல்லாம் பழங்குடிகள்தான், அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே மலையில் ஒரு ஓடைக்கு இந்தப்பக்கம் 300 வாட், அந்தப்பக்கம் 40 வாட் என்று ஆகும். 2024 அக்டோபர் 2இல் வந்த தர்தி ஆபா திட்டம் மற்ற பழங்குடிக் கிராமங்களையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் எங்கள் குடியிருப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எங்களுக்கு யாரும் காட்டியதில்லை.

சரி, கேட்பதைச் சொல்கிறேன்.

பயிற்சிக்கான ஐ.டி.ஐ. நிபந்தனையையும் வயது வரம்பையும் நீக்குங்கள். குடியிருப்புக்கு இரண்டு பெண்களை அந்தந்தக் கிராம சபையும் குழுவும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். பயிற்சியை மலைமேல் உள்ள சமுதாயக் கூடத்திலேயே, தமிழில், வாரத்துக்குச் சில நாள் என்று பிரித்து நடத்துங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர அனுமதியுங்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு மல்டிமீட்டர், ஸ்குரூடிரைவர் செட், கட்டிங் பிளேயர். மாதா மாதம் ஊதியம். இது சேவை என்று சொல்லி இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். லைன்மேனுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

புதிய டெண்டரில் பேட்டரியை லித்தியம் வகைக்கு மாற்றுங்கள், தண்ணீர் ஊற்றும் பிரச்சினையே இருக்காது, ஆயுளும் கூட. ஒவ்வொரு பெட்டியிலும் போன் சார்ஜ் போட வசதி இருக்க வேண்டும். எந்தத் திட்டத்தின் பெயரில் வந்தாலும் எல்லா வீட்டுக்கும் 300 வாட். விளக்கு எங்கே மாட்டுவது என்பதை அந்த வீட்டுப் பெண் சொல்ல வேண்டும், பயனாளி பெயரும் உத்தரவாத அட்டையும் அவர் பெயரில் இருக்க வேண்டும். வேலை முடிந்தது என்று ஒப்பந்ததாரருக்குப் பணம் விடுவிக்கும் முன் கூட்டமைப்பின் கையெழுத்தும் வேண்டும்.

ஃபியூஸ், பல்பு, கன்ட்ரோலர், வயர் ஆகிய உதிரிகள் கூட்டமைப்பு அலுவலகத்தில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். இதற்கும், பேட்டரி சாகும் வருடத்துக்கும், பெண்களின் ஊதியத்துக்கும் ஒரு நிதி வேண்டும். கீழே உள்ள வீட்டுக்குக் கொடுக்கிற 600 யூனிட் மானியத்துக்குச் சமமான தொகையை, மீட்டர் இல்லாத வீடுகளின் கணக்கில் கூட்டமைப்புக்கு வருடந்தோறும் செலுத்தும்படி அரசுக்கு எழுதுங்கள். நீங்கள் பரிந்துரைத்தால் அது கோப்பாகும். நாங்கள் கேட்டால் மனுவாகவே நிற்கும்.

சமுதாயக் கூடத்தின் கூரையில் கொஞ்சம் பெரிய செட் ஒன்று போடுங்கள். பத்து போன் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறவும், சாமை குத்துகிற சின்ன மெஷின் ஒன்று பகலில் ஓடவும் போதுமானது. உலக்கையில் குத்தி எங்கள் பெண்களின் தோள் போய்விட்டது. குத்திய சாமைக்கும் குத்தாத சாமைக்கும் டவுனில் என்ன விலை வித்தியாசம் என்பது உங்களுக்கே தெரியும்.

செயலியைப் பொறுத்தவரை, எல்லாக் குடியிருப்பிலும் சார்ஜும் சிக்னலும் உறுதியாகும் வரை நோட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்து பிறகு ஏற்றுகிற வசதி வேண்டும். திரையில் தமிழ் வேண்டும். குழுவுக்கு ஒரு ஸ்மார்ட்போனைக் குழுவின் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள், யார் வீட்டு ஆணோடும் அது டவுனுக்குப் போகாது. வங்கிக் கணக்கிலும் ரேஷன் கார்டிலும் பெண்களின் சொந்த எண்ணை மாற்றிக் கொடுக்க மலைமேல் ஒரு முகாம் போடுங்கள், வங்கி ஆளும் இ-சேவை ஆளும் ஒரே நாளில் வரட்டும். 2022 சூலையில் சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் எங்கள் குடியிருப்புகள் உண்டா, இல்லையா என்று எழுத்தில் தெரிவியுங்கள். தர்தி ஆபா பட்டியலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் பதில் தரும் வரை இரண்டு சுற்றறிக்கைகளையும் நிறுத்தி வையுங்கள். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்கும்படி ஊராட்சிக்கு அனுப்புங்கள். அன்று உங்கள் அலுவலகத்திலிருந்து சூரிய மின்சாரத்துக்குப் பொறுப்பான ஒருவர் நேரில் வர வேண்டும். வருகிறவர் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல், ஒரு ராத்திரி இங்கேயே தங்கிப் போகட்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கணக்காளர்,
கூட்டமைப்பில் உள்ள எல்லாக் குழுக்களின் ஒப்புதலோடு